தரையைத் தொடாத குதிகால்

பிசியோ மேடத்தின் அறையில் வேறொரு குழந்தையை மரச்சட்டத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள். மார்பு உயரத்தில் ஒரு பலகை, அதன்மேல் இரண்டு பொம்மைகள். அந்தப் பையன் பலகையில் கையூன்றி ஒரு பொம்மையைத் தள்ளிக்கொண்டிருந்தான். எல்லோரும் பையனைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா மகளை மடியில் வைத்திருந்த நான் மட்டும் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பக்கமும் அடைப்பு, முன்னால் மேசை. இது நம் வீட்டுத் தறிக்குழிதானே!

"அக்கா, இது நம்ம வீட்லயே இருக்குதுக்கா."

"வாய மூடிக்கினு இருடி, கூப்பிடப் போறாங்க."

குழந்தை குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு வயது நெருங்கியும் நிற்கவில்லை. தூக்கி நிறுத்தினால் கால்கள் விறைத்து, கத்திரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எலும்பு வளர்கிற வேகத்துக்குக் கெண்டைக்கால் தசை வளரவில்லை, இறுகிக்கொண்டே போகிறது என்று மேடம் சொல்லியிருந்தார். தினமும் நிறுத்திப் பழக்க வேண்டும். விட்டுவிட்டால் பாதம் வளைந்தபடியே நின்றுவிடும், பிறகு அறுவை சிகிச்சைதான். வீட்டுக்கு அப்படியொரு சட்டம் கேட்டிருந்தோம். வரும் என்றார்கள், வரவில்லை. தினமும் இவளைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து போக அக்காவால் முடியாது. மாமா நெய்யும் புடவையின் கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரைநூல் சுற்றிய நாடாவை ஓட்ட வேண்டும், அது அக்கா. நானோ டிகிரி முடித்து, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளிலிருந்து அழைப்பு வருமென்று போனைப் பார்த்துக்கொண்டு அக்கா வீட்டில் கிடந்தேன்.

எங்களுடையது குழித்தறி. மாமா குழியின் விளிம்பில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டு மிதியை மிதிப்பார். குழந்தையை உள்ளே இறக்கித் தறிக்கு முதுகு காட்டி நிறுத்தினால், மாமாவின் பலகை அவளுக்கு மேசை. டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தேன்.

"தறிக்குள்ள குழந்தைய எறக்கறதா? அது சாமிம்மா" என்றார் மாமா. "அதுவுமில்லாம இவளுக்கு எப்பவும் ஜொள்ளு ஒழுகிக்கினே இருக்குது. பட்டுல ஒரு சொட்டு பட்டா கறை. அப்புறம் அந்தப் புடவைய நீயே கட்டிக்கினு சுத்து."

"மதியம் நீங்க சாப்பிடற நேரம் மட்டும் மாமா. புடவை மேல துண்டு போட்டு மூடிடறேன்."

"யூடியூப் டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றாள் அக்கா. சொன்னவள்தான் உள்ளே போய்ப் பழைய பருத்திப் புடவைகளை வாரிக்கொண்டு வந்தாள்.

இடுப்பைச் சுற்றி அவற்றை அடைத்தோம். முதல் நாள் அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டாள். நூல் சுற்றும் சின்னக் குச்சிகளில் காலியானவற்றைப் பலகையில் பரப்பினால், ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுச் சிரிப்பாள். மாமா தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து உட்கார ஆரம்பித்தார். "மேஸ்திரி வந்துட்டாங்கப்பா, எல்லாரும் வேலையப் பாருங்க!" என்பார். அக்கா அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. சித்தியின் மூளையே மூளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேடத்துக்கு அனுப்ப வீடியோ எடுக்கலாம் என்று தோன்றியது. பாதமும் தெரிந்தால் சந்தோஷப்படுவார். அடைத்திருந்த புடவைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, டார்ச்சைப் போட்டு போனைக் குழிக்குள் விட்டேன். எடுத்துப் பார்த்தபோது முதலில் புரியவில்லை. மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தவை விரல் நுனிகள் மட்டும்தான். இரண்டு குதிகால்களும் அந்தரத்தில் இருந்தன. முழு எடையையும் அவளுடைய அக்குள்கள் பலகை விளிம்பில் தாங்கிக்கொண்டிருந்தன. அக்குளில் சிவந்திருந்ததை வேர்க்குரு என்று நினைத்துத்தான் அக்கா தினமும் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"அப்போ இவ நிக்கலியா?"

"தொங்கிக்கினு இருந்திருக்கா, அக்கா."

மாமா தட்டில் கை கழுவினார். அன்று மாலைவரை அவர் தறியில் உட்காரவில்லை.

மேடத்திடம் வீடியோவைக் காட்டினோம். அவர் குழந்தையைப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டி, பாதத்தை மெல்ல மேலே தள்ளினார். "போன மாசம் இதவிட மேல வந்துதும்மா. இப்ப இங்கயே நின்னுடுது."

"குழியாலயா மேடம்?"

"தெரியாது. வளர்ற குழந்தை, குழியே இல்லன்னாலும் இறுகியிருக்கலாம். ஆனா நுனிக்கால்ல நிறுத்தினா நிச்சயம் நல்லதில்ல." பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "மாவுக்கட்டு போட்டுப் பாப்போம். வாரா வாரம் பிரிச்சு, கொஞ்சங்கொஞ்சமா பாதத்தைத் தூக்கித் திரும்பக் கட்டுவோம். அதுலயும் குதிகால் எறங்கலன்னா சர்ஜன்கிட்ட அனுப்பறதத் தவிர வழியில்ல."

"கட்டோட இவள நிறுத்தலாமா?" என்று நான் கேட்டேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

"நிறுத்தணும். ஆனா கீழ ஒரு ஆள் இருந்து பாதத்தைப் பிடிக்கணும். பாதம் கண்ணுக்குத் தெரியாம இனிமே நிறுத்தாத."

வெளியே வந்ததும் அக்கா ஆட்டோ நிற்கும் இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். "இவ்ளோ சின்னக் கால அறுக்கணுமாடி? என்னால முடியாதுடி. நீயே தூக்கிக்கினு போ." குழந்தை என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். மற்றொரு கையால் அக்காவைத் தூக்கிவிட்டேன்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ ஒரு ஆள் உக்காரணும்னா குழிய அகலமாக்கணும்" என்றார்.

"தறிக்கால் ஆடிச்சுன்னா?" என்றாள் அக்கா. "அரைப் புடவை நிக்குது அதுல. மொத்தப் பாவு நூலும் வீணாப் போவும்."

"ஆடாம வெட்டறேன். ஆடினா ஆடுது."

அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் நெய்ய மாட்டார்கள். வருகிற அமாவாசைக் காலையில், தறிக்காலுக்கு ஒரு முழம் தள்ளி, மாமா குழியின் இடதுபக்கத்தை வெட்டப் போகிறார். மதியம் நிறுத்தும்போது மட்டும் மிதிகளைக் கழற்றிவிட்டு, அடியில் ஆடாத பலகை ஒன்று போட வேண்டும். அதற்கடுத்த திங்கட்கிழமை அவளுக்கு முதல் மாவுக்கட்டு. அது காய்ந்ததும் நான் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் பலகையோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்கப் போகிறேன். மேலே குச்சிகளை அக்கா அடுக்குவாள்.