கௌசிக கோத்திரம், திருவோண நட்சத்திரம்

எங்கள் குடும்பப் பதிவேட்டில், என் அக்காவின் கணவர் சந்திரமௌலி அத்திம்பேரின் பெயருக்கு எதிரே ‘ரகசியம் காப்பதில் வல்லவர்’ என்று எழுதியிருந்தேன். இவ்வாண்டு அதைத் திருத்த வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது.

மும்பை மாட்டுங்காவில் முப்பத்தோராண்டாக வசிக்கும் அத்திம்பேர், கூரியர் உறையின் விலாசத்தைப் பொடிப்பொடியாகக் கத்தரித்த பிறகே குப்பையில் இடுவார். ரேஷன் கார்டு நகலின் குறுக்கே ‘இக்காரியத்துக்கு மட்டும்’ என்று மூன்று மொழிகளில் எழுதுவார். அக்கா விஜயலக்ஷ்மிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, என்னைத் தவிர வெளியே எவரிடமும் மூச்சு விடவில்லை. அது அக்காவின் விருப்பம். “யாரும் என்னை ஐயோ பாவம்னு பார்க்கப்படாது,” என்றாள். கீமோவில் முடி உதிர்ந்ததும் ஒரு விக் வாங்கினாள். அதை அணியாமல் கதவைத் திறக்க மாட்டாள்.

பகலெல்லாம் அவள் தனியாக இருக்கிறாளே என்று அத்திம்பேர் ஒரு பொம்மை நாய் வாங்கினார். அதன் கண்ணில் கேமரா, வயிற்றில் வைஃபை. அது கூடத்தில் உருண்டு திரிய, இவர் கோட்டைப் பகுதி அலுவலகத்திலிருந்து மொபைலில் பார்ப்பார். அதற்குத் தேவை இரண்டே: மொபைல் எண், பாஸ்வர்ட்.

“கோத்திரமும் நட்சத்திரமும்,” என்று என்னிடம் பெருமையடித்தார். “எந்த ஹேக்கருக்கு இதெல்லாம் தெரியப்போறது?”

உண்மைதான், ஹேக்கருக்குத் தெரியாது. சனிக்கிழமைதோறும் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டி, “கௌசிக கோத்திரம், திருவோண நட்சத்திரம், சந்திரமௌலி!” என்று கடைசி வரிசைவரை அவரே முழங்குவதைக் கேட்டவர்களுக்கு மட்டுமே தெரியும். மொபைல் எண்ணோ, குடியிருப்பு சொசைட்டி செயலாளர் என்ற ஹோதாவில், மாடிப்படியருகே அறிவிப்புப் பலகையில் அவர் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

ஒரு நாள் மூன்றாம் மாடி அம்மிணி மாமி ஒரு பாட்டிலுடன் வந்தாள். அக்கா விக்கைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

“விஜி, கரிசலாங்கண்ணித் தைலம். தேய்ச்சா நன்னா முளைச்சுடும்.”

“எனக்கெதுக்கு மாமி?”

“மொட்டைத் தலையோட ஃபேனுக்கடியில உட்கார்ந்திருந்தியே! பார்த்த கையோட அடுப்புல எண்ணெயை ஏத்திட்டேன்.”

“எப்படிப் பார்த்தேள்?”

“எங்காத்துலயும் அதே நாய்தானே? கோத்திரமும் நட்சத்திரமும் போடுங்கோ, பத்திரம்னு சொன்னதே உங்காத்துக்காரர்தான். அவர் மட்டும் வேற போட்டிருப்பாரான்னு விளையாட்டா அடிச்சுப் பார்த்தேன், திறந்துண்டுடுத்து. கவலைப்படாதே, நாலு பேர்கிட்டதான் சொன்னேன். பிரார்த்தனை பண்ணிப்பாளேன்னு.”

அன்று மாலை அத்திம்பேர் வீடு திரும்பியபோது நாயின் தலையில் விக் இருந்தது. கண்ணிரண்டும் கூந்தலுக்குள் மறைந்திருந்தன. அக்கா மொட்டைத் தலையுடன் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டவர் நின்றபடியே மொபைலைத் தட்டினார்.

“பாஸ்வர்டை மாத்திட்டேன், விஜி.”

“சமர்த்து,” என்றாள்.

சனிக்கிழமை கோயிலுக்கு அக்காவும் போனாள், தலையை மறைக்காமலேயே. வரிசை முழுவதும் ஐயோ பாவம் என்று பார்த்தது. அர்ச்சகர் வழக்கம்போல், “கோத்திரம், நட்சத்திரம்?” என்றார். ஆயுளில் முதன்முறையாக அத்திம்பேர் குரலைத் தாழ்த்தி, “சுவாமி பேருக்கே பண்ணிடுங்கோ,” என்றார்.

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“விஜயலக்ஷ்மி, அனுஷ நட்சத்திரம்,” என்றாள், கடைசி வரிசைவரை கேட்கும்படி. “பில்டிங் பூராவுக்கும் தெரிஞ்சாச்சு. பகவான்கிட்ட மட்டும் ஒளிச்சு வெக்கணுமா?”