எழுப்பாமல் விட்ட ஞாயிறு

போன மாதம் அன்ரன் ஜேர்மனியிலிருந்து என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினான். சிலுவை வைத்த ஒரு பெரிய கோயில் வாசல். படியெல்லாம் வெள்ளைப் பனி. நடுவில் பூவால் மூடிய பெட்டி. பெட்டிக்குள் அவனுடைய தகப்பன், எங்கள் ஊர்க் கோயில் காரியங்களை நடத்திய பழைய மூப்பர். படத்தோடு அவன் குரலும் வந்தது.

"அண்ணை, அப்பா போயிட்டார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம், கல்வெட்டு அடிக்கிறம். அவரோட கூத்தாடின ஆக்களில ஊரில மிச்சம் நீங்கள்தான். நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோவன்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறவன். பேசச் சொன்னால் வியர்க்கும்; எழுதும்போது அவ்வளவு வியர்ப்பதில்லை. அவனுக்கு நாலு வரி அனுப்பவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் பனியைப் பார்த்ததும் எனக்கு வந்தது இலவம் பஞ்சு மணம். எங்கள் தீவில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் கிடக்கும் ஈரம்தான். ஆனால் நான் ஒருமுறை பனியில் வெறுங்காலோடு நின்றிருக்கிறேன். ஊர்காவற்றுறைப் பக்கத்தில், கோயில் வளவில், பிற்பகல் மூன்று மணி வெயிலில். வீடு வீடாகத் தலையணை கேட்டு வாங்கிக் கிழித்து எடுத்த பஞ்சு அது. ஊராரின் தலை எண்ணெய் எல்லாம் அதில் மணத்தது.

கூத்தில் நான் ராசா. ஜேர்மனி தேசத்து ராசா ஒருவன் பாப்பரசரோடு பகைத்தான். பாப்பரசர் அவனைச் சபைக்குப் புறம்பாக்கினார். பிறகு அவன் மன்னிப்புக் கேட்டு, மூன்று நாள் பனியில் வெறுங்காலோடு பாப்பரசர் தங்கியிருந்த கோட்டை வாசலில் நின்றான். எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அதைப் பங்குச் சுவாமியிடம் கேட்டுப் பாட்டாகக் கட்டியிருந்தார். பள்ளிக்கூடம் சொல்லித்தராத ஐரோப்பாவை எனக்குக் கூத்துத்தான் சொல்லித்தந்தது. அங்கே ராசாக்களுக்கு முடி வைப்பதும் கோயில், முடியைப் பறிப்பதும் கோயில், மணியடித்து ஊரை எழுப்புவதும் படுக்கவைப்பதும் கோயில் என்று நினைத்திருந்தேன். பின்னாளில் ஊர்ச் சனம் ஜேர்மனிக்குக் கிளம்பியபோது, "பாப்பரசரிட்டக் கேட்டிட்டோ போறியள்?" என்று கேட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன்.

பாப்பரசராக ஆடியவர் மூப்பர். அவர் வேறு எதுவாக ஆடுவார்?

இனி ஐயாவை, என் தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை ஐயா கடலில் வலையை விரித்துவிட்டு வந்தார். சனிக்கிழமை காற்று எழும்பிவிட்டது. ஞாயிறு விடிய, கடல் கொஞ்சம் அடங்கியது. எங்களிடம் இருந்தது அந்த ஒரு வலைதான். ஐயா பூசைக்குப் போகாமல் கடலுக்குப் போய் வலையை இழுத்துக்கொண்டு வந்தார். வலைக்குள் மீனும் இல்லை, கிழிசலும் பாசியும்தான்.

எங்கள் ஊரில் ஞாயிறு கடலுக்குப் போனவன் மூன்று ஞாயிறு பூசை முடியும்வரை கோயில் வாசலில் முழங்காலில் நிற்க வேண்டும். பூசை முடிந்ததும் மூப்பர் வந்து தோளைத் தொட்டு, "எழும்பும்" என்பார். அவர் சொல்லாமல் எழும்பக் கூடாது. அதுதான் முறை.

முதல் ஞாயிறு எழுப்பினார். இரண்டாம் ஞாயிறும் எழுப்பினார். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் மூப்பர் பின்கதவால் போய்விட்டார். மறந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். ஐயா முழங்காலிலேயே நின்றார். சனம் அவரைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனது. உச்சி வெயில் வந்தது. நான் மூப்பர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சோற்றுக்கு முன்னால் இருந்தார்.

"ஐயாவை எழுப்பேல்லை, மூப்பர்."

"சாப்பிட்டிட்டு வாறன், போ."

வரவில்லை. கடைசியில் அம்மாதான் ஐயாவைக் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கினார். ஐயா அதற்குப் பிறகு கோயிலுக்குள் காலே வைக்கவில்லை. கேட்டவர்களிடம், "என்னை இன்னும் எழுப்பேல்லையே, எப்பிடி வாறது?" என்பார். பள்ளியில் பெடியள் என்னைக் கண்டால் முழங்காலில் நடந்து காட்டினார்கள். திங்கட்கிழமை போனேன். செவ்வாய்க்கிழமை போகவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

ஆகவே ஏழெட்டு வருடம் கழித்து அண்ணாவியார் என்னைக் கூப்பிட்டு, "குரல் நல்லாயிருக்கு, ராசா நீதான்ரா" என்றபோது, கூச்சத்தில் ஒளிந்துகொள்ளாமல், ஓம் என்றேன். பாப்பரசர் யார் என்று முதலிலேயே கேட்டு வைத்திருந்தேன்.

ஊரடங்குக் காலம். விடியவிடிய ஆட ஏலாது என்று பகலிலேயே ஆடினோம். எங்கள் கூத்தில் ஆடுகிறவன் அடுத்த அடி எடுக்கும்வரை பிற்பாட்டுக்காரர் கடைசி வரியைத் திருப்பித் திருப்பிப் பாட வேண்டும். நான் பஞ்சுக்குள் முழங்காலில் நின்றேன். மூப்பர் காகித முடியோடு கோட்டைக் கதவைத் திறந்து, கையை உயர்த்தி, "எழுந்திரும் மகனே, பாவம் தீர்ந்தது" என்று பாடினார். பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடினார்கள்.

நான் எழும்பவில்லை.

திரும்பப் பாடினார்கள். மூன்றாம் முறை, நாலாம் முறை. மத்தளம் அடிக்கிறவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மூப்பரின் முடியில் ஒட்டிய பசை வெயிலில் இளகி நெற்றியில் வழிந்தது.

"எழும்படா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"முதல் என்ர ஐயாவை எழுப்பும். பிறகு நான் எழும்புறன்."

சத்தமாகச் சொன்னேனா தெரியாது. ஆனால் முன்வரிசைக்குக் கேட்டது; முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது.

"அது எப்பவோ முடிஞ்ச கதையடா!"

"உங்களுக்கு முடிஞ்சுது."

பிற்பாட்டுக்காரர் நிறுத்தவில்லை. எழுந்திரும் மகனே, எழுந்திரும் மகனே. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "போய் எழுப்பிவிடுமன், மூப்பர். ஐஞ்சு நிமிச வேலை." சனம் சிரித்தது. மூப்பர் இறங்கினார். நீட்டு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுடுமணலில் வெறுங்காலோடு, மதிலுக்கு வெளியே போனார். அங்கே பூவரசுக்குக் கீழே ஐயா கூத்தைப் பார்க்காத மாதிரி இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். மூப்பர் அவர் தோளைத் தொட்டார்.

"எழும்பும்."

ஐயா ஊசியை நிறுத்தவில்லை. "வேலையா இருக்கிறன், மூப்பர். இப்ப எழும்ப ஏலாது. நீர் போய் ஆடும்."

ஊர் முழுக்க மதிலில் தொங்கிக்கொண்டு அதைக் கேட்டது. மூப்பர் அதே சுடுமணலால் திரும்பி நடந்து வந்தார். அந்த நடையை நான் முழங்காலில் நின்றபடியே கடைசி அடிவரை பார்த்தேன். பிறகுதான் எழும்பினேன். இன்றைக்கும் நித்திரை வராவிட்டால் அந்த நடையைத்தான் நினைத்துக்கொள்வேன், சுகமாக வந்துவிடும்.

ஆனாலும் அது போதவில்லை. இடம்பெயர்ந்து போன இடத்தில் ஐயா செத்தார்; மணியும் இல்லை, பூசையும் இல்லை. மூப்பருக்கு ஜேர்மனியில் மூன்று சுவாமிமார் வந்து பாடியிருக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மாதப் பூசைக்கு வந்த இளம் சுவாமி ஒருவரிடம், இந்த ஞாயிறு ஓய்வு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கேட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கிறிஸ்தவத்துக்குச் சாய்ந்த ரோமாபுரி ராசா ஒருவன் சட்டம் போட்டானாம். கோயில் அதைப் பிடித்து வளர்த்ததாம். அதனால்தான் ஜேர்மனியில் இன்றைக்கும் ஞாயிறு கடை பூட்டாம். சுவாமி சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "கமக்காரருக்கு மட்டும் அந்த ராசா விலக்குக் குடுத்தவர். காலம் தப்பினால் விளைச்சல் போயிடும் எண்டு."

ரோமாபுரியில் இருந்த ராசாவுக்கே காற்றும் காலமும் தெரிந்திருக்கிறது. நாலு வீடு தள்ளி இருந்த மூப்பருக்குத் தெரியவில்லை. மூப்பர் அப்போது உயிரோடு இருந்தார். அன்ரன் மூலம் இதைச் சொல்லி அனுப்பினேன். "அப்பாவுக்கு இப்ப ஒண்டும் விளங்கிறேல்லை, அண்ணை" என்று பதில் வந்தது. அதிலும் தப்பிவிட்டார்.

மூப்பர் செத்த செய்தி வந்த கிழமை, ஞாயிறு விடிய நான் கடலுக்குப் போனேன். பூசை நேரம் பார்த்துத் திரும்பி, ஈர வலையைத் தோளில் போட்டு, வேண்டுமென்றே கோயில் வாசலால் சுற்றி வந்தேன். கதவு பூட்டியிருந்தது. அந்தக் கிழமை சுவாமி வரும் முறை இல்லை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கூத்தாடிய வளவில் ஆட்டுக்குட்டிகள் நின்றன. படியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். முன்வீட்டுப் பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்து, "மீன் இருக்கோ, மாமா?" என்று கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏன் கடலுக்குப் போனாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. யாராவது கேட்பார்கள் என்று வீட்டிலிருந்தே பதிலைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன்.