பூசாத திருநீறு

சுன்னாகம் சந்தையில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோதுதான் அந்த நேர்ஸம்மாவைக் கண்டேன். நரைத்த கொண்டை, அதட்டும் குரல். ஒப்பரேசன் தியேட்டருக்குப் போகிறவர்களின் நெற்றியில் தன் கையாலேயே திருநீறு பூசிவிடுவார்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு எச்.ஐ.வி. என்று வாட்டுக்கே தெரிந்துபோனது. “தொட்டால் தொத்தாது” என்று எங்களை அதட்டியவரும் இந்த அம்மாதான். ஆனால் அந்தக் கட்டில்காரரின் ஒப்பரேசன் அன்று திருநீற்றைக் கடதாசியில் மடித்து நீட்டினார்.

“நீங்களே பூசுங்கோ அண்ணை.”

அவர் அதைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, வெறும் நெற்றியோடு போனார்.

“தொத்தாது எண்டு நீங்கள்தானே மிஸ் சொன்னனீங்கள்?” என்றேன்.

“ஓம், எனக்குத் தெரியும். என்ரை கைக்குத்தான் தெரியேல்லை.”

பக்கத்துக் கட்டில்காரர் உயிரோடு திரும்பவில்லை. விரிப்பு மாற்றும்போது பொட்டலம் அகப்பட்டது. அந்த அம்மா அதைப் பிரித்து, திருநீற்றை விரலில் தொட்டுக்கொண்டு, வெறுங்கட்டிலின் முன்னால் வெகுநேரம் நின்றார்.