நாற்பது பேருக்கு ஓர் அட்டை

முதலில் குளிர்தான் வந்தது. மே மாத வெயிலில், நாற்பது தையல் மிஷின்கள் சூடு கக்கும் மண்டபத்தில் என் பற்கள் அடித்துக்கொண்டன. வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம், கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தது போல வலித்தது. அன்றைய டார்கட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கம்பனி பஸ் கல்முனைக்கு வந்ததும் இறங்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில், சிறுநீரகத் தொற்று (சிறுநீர்ப்பையில் தங்கும் கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்குவது) என்றார்கள். அதற்கு முன் இரண்டு தடவை சிறுநீர் எரிவு வந்திருந்தது. பாமசியில் குளிசை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருந்தேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"காலையில ஒரு கப் பிளேன்டீ. வேலைக்குப் போனா ஒண்டும் குடிக்கிறல்ல டொக்டர்."

"ஏன்?"

"குடிச்சா போகணும். போறதுக்கு அட்டை வேணும்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். எங்கள் லைனில் நாற்பது பெண்கள். கழிவறைக்குப் போக ஒரே ஓர் அட்டை, சூப்பர்வைசரின் மேசையருகே ஆணியில் தொங்கும். எடுத்த நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் கொப்பியில் எழுத வேண்டும். ஒருத்தி எடுத்துப் போனால் மற்ற முப்பத்தொன்பது பேரும் காத்திருக்க வேண்டும்.

அதே தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு தடவை ஆரோக்கிய வாரம் நடக்கும். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆளுக்கொரு நீலப் போத்தல் தந்தார்கள். எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி என்று அதில் கோடு போட்டிருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ், நெஞ்சில் கை வைத்து மூச்சு விடப் பழக்கினார். மன அழுத்தத்தை மூச்சோடு வெளியே விடச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில்தான் அந்த வகுப்பு. லுஹர் என்ற நண்பகல் தொழுகையும் அதோடு போனது. வகுப்பு நீண்டதில் குறைந்துபோன சேட்டுச் சட்டைகளைத் தைத்து முடிக்க அன்று பஸ் அரை மணி நேரம் பிந்தியது. போத்தல் நாற்பது, அட்டை ஒன்று. இந்தக் கணக்கு மேலே இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்ததென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

என்மீதும் எனக்குக் கோபம் உண்டு. புதிதாக வரும் பிள்ளைகளிடம் சூப்பர்வைசர் என்னைக் காட்டுவார். "இவவப் பாருங்க. நோன்பு புடிச்சுப் பழகின உடம்பு. அட்டையே எடுக்கிறல்ல." அதைக் கேட்டு நான் பூரித்துப் போவேன்; வீட்டிலும் வந்து சொல்வேன். வருடத்தில் பதினொரு மாதம் கம்பனிக்காகவும் ஒரு நோன்பு பிடித்திருக்கிறேன். அல்லாஹ்வுக்குப் பிடிக்கிற நோன்பில் சிறுநீரை அடக்கச் சொல்லவில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னால் அது முடிந்தும் விடும்.

ஒன்பது நாள் வார்டில் இருந்தேன். கம்பனி அதிகாரி ஒருவர் அப்பிள் பையோடு வந்து, லீவுப் படிவத்தை நீட்டினார். 'நோய்க்கான காரணம்' என்ற இடத்தில் 'கழிவறை அட்டை' என்று எழுதிக் கொடுத்தேன்.

"தங்கச்சி, இப்படி எழுதினா மேல அனுப்ப ஏலா. குடும்பக் காரணம் எண்டு போடுவமா?"

"என்ட குடும்பமா என்ன மூத்திரம் பேய விடாம வெச்சிருந்த?"

அவர் அப்பிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாற்றி எழுதவில்லை. வேலைக்கும் திரும்பவில்லை.

நோன்புக்கு முந்திய கிளினிக்கில் டொக்டர் இரத்தப் பரிசோதனையைக் காட்டினார். கிரியேட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவு) இன்னும் இறங்கவில்லை. வலது சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருந்தது.

"இந்த முறை நோன்பு புடிக்க வேணாம்."

"பிறகு கழாவா புடிக்கலாமா, டொக்டர்?" விட்ட நோன்பைப் பின்னர் நோற்பதைத்தான் கழா என்போம்.

"அத இப்ப சொல்ல ஏலா."

ஒன்பது நாள் வலிக்கு அழாதவள் அங்கே அழுதேன். கம்பனிக்காரர்கள் என் நோன்பையும் எடுத்துக்கொண்டார்கள்.

இதை வாசிக்கும் சகோதரி, எரிவு தொடங்கினால் குளிசை விழுங்கிவிட்டு மிஷினில் உட்காராதீர்கள். சிறுநீரைச் சோதித்துப் பாருங்கள். அடக்கிக்கொண்டிருப்பதில் கெட்டித்தனம் ஒன்றுமில்லை.

இந்த நோன்பு மாதத்தில், அடுப்படிக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நீலப் போத்தலில்தான் தண்ணீர் குடித்தேன். தாகம் என்ற ஒன்றே எனக்கு இப்போது வருவதில்லை. உடம்பு கேட்பதை மறந்துவிட்டது. அதனால் கோட்டைப் பார்த்துப் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் குடிக்கிறேன். அவர்கள் தந்த போத்தலைத் திட்டிக்கொண்டே குடிக்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. இந்த வருடம்தான் முதல் முறையாக முழு நோன்பு பிடித்தாள். நான் பின்னேர அசர் தொழுதுவிட்டு வந்தபோது, முழங்கால்களை இறுக்கிக்கொண்டு கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மகள்?"

"ஒண்டுமில்ல உம்மா. விடிய சுபஹுக்குப் பிறகு நான் பாத்ரூமுக்கே போகல்ல. உங்களப் போல."

அவள் முகத்தில் பெருமை இருந்தது. அது என்னுடைய பெருமை. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அதுக்கும் நோன்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எழும்புங்க. இப்பவே போங்க."

நான் போட்ட சத்தத்தில் பயந்து ஓடினாள். மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். எத்தனை நிமிடம் ஆனது என்று நான் பார்க்கவில்லை.