உருளைக்கிழங்குப் போ-பாய்

அந்தக் கடையை நினைச்சால் இண்டைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒஸ்லோவில, பஸ் நிலையத்துக்கு எதிரில இருக்கிற அமெரிக்கச் சாண்ட்விச் கடை. நான் அங்கை குசினியில சமைக்க நிண்டனான். விக்கார், அதாவது ஆராவது வராத நாளில கூப்பிடுற ஆள். நாளைக்கு வேலை இருக்கோ இல்லையோ எண்டு ஒவ்வொரு பின்னேரமும் போனைப் பாத்துக்கொண்டு இருக்கிற சீவியம். இந்த வருசம் நிரந்தரமாக்கிறன் எண்டு முதலாளி சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் அவன் சொன்ன எல்லாத்துக்கும் தலையாட்டினனான்.

கடைச் சுவர் முழுக்க ஒரு கதை. போ-பாய் எண்ட சாண்ட்விச் நியூ ஓர்லியன்ஸில பிறந்ததாம். நூறு வருசத்துக்குக் கிட்ட முந்தி அங்கை டிராம் ஓட்டுறவை வேலைநிறுத்தம் செய்தவையாம். தாங்களும் ஒரு காலம் டிராமில வேலை செய்த அண்ணன் தம்பி ரெண்டு பேர் சாப்பாட்டுக் கடை வைச்சிருந்தவை. வேலைநிறுத்தத்தில நிக்கிறவைக்குச் சும்மா சாப்பாடு தாறம் எண்டு சொல்லிப்போட்டினம். வாசலில ஆள் தெரிஞ்சால், இந்தா இன்னொரு 'புவர் பாய்', ஏழைப் பெடியன், வாறான் எண்டு உள்ளுக்குச் சொல்லுவினமாம். அதுவே சாண்ட்விச்சுக்குப் பேராய் நிண்டிட்டுது. தொடக்கத்தில நீட்டுப் பாணுக்குள்ள வெறும் பொரிச்ச உருளைக்கிழங்கும் இறைச்சிக் குழம்பும்தான் எண்டும் சொல்லுவினம். வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லேக்கை எங்கட முதலாளிக்குக் கண் கலங்கும். ஆனால் உருளைக்கிழங்கை மட்டும் விக்கமாட்டான். ஆர் வாங்குவினம் எண்டு சிரிப்பான்.

போன மாரியில இஞ்சை பஸ் ஓட்டுறவை வேலைநிறுத்தம் செய்தவை. என்ர மனுசனும் பஸ் ஓட்டுறவர். மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு நேர எதிரில பனிக்குள்ள நிண்டவர். அண்டைக்கு வெள்ளிக்கிழமை, மனுசன் மச்சம் தொடாது. கடையில மாடும் கோழியும் இறாலும் விட்டால் வேற என்ன கிடக்கு? முதல் நாள் மிஞ்சின பாண் குப்பைக்குப் போகக் கிடந்தது. உருளைக்கிழங்கைப் பொரிச்சு, வெங்காயம் தக்காளியோட, வீட்டுக்கெண்டு வாங்கி வைச்சிருந்த கறித்தூளையும் போட்டு ஒரு குழம்பு வைச்சனான்.

அவருக்கு மட்டும் குடுத்துப்போட்டு, பக்கத்தில குளிருக்குள்ள நிக்கிறவையை வாய் பாக்க விடுறதோ? நிண்ட எல்லாருக்கும் செய்து தட்டில அடுக்கிக்கொண்டு போனனான். முதலாளியைக் கேக்கேல்லை. ஏன் கேக்கவேணும், சுவரில எழுதியெல்லோ வைச்சிருக்கிறான்! சோமாலியாக்காரன், போலந்துக்காரன், நோர்வேக்காரன் எல்லாரும் விரலைச் சூப்பிச் சூப்பித் திண்டாங்கள். ஆரோ படமும் எடுத்தவை. என்ர மனுசன் மட்டும் மெல்லமாக் கேட்டவர், "இஞ்சேரும், முதலாளிக்குத் தெரியுமே?" எண்டு.

முதலாளி சத்தம் போடேல்லை. போட்டிருந்தால் நானும் நல்லாக் குடுத்திருப்பன். கடை ஒரு பக்கமும் சாயக்கூடாது எண்டு பாதிரியார் மாதிரிப் பதமாச் சொன்னான். நான் சுவரைக் காட்டினனான்.

"அது வெறும் சரித்திரம்" எண்டான்.

நிரந்தர வேலை வேற ஆளுக்குப் போச்சு. இனித் தேவைப்படாது எண்டு எனக்குப் போனில ரெண்டு வரி வந்தது. நாசமாப் போ எண்டு நானும் விட்டிட்டன்.

வைகாசியில அந்தப் பக்கம் போனால், கண்ணாடியில புதுப் பலகை தொங்குது. வேலைநிறுத்தச் சாண்ட்விச்சாம், உருளைக்கிழங்காம், எங்கட கடை காப்பாத்துற பாரம்பரியமாம்! கீழ ஒரு பெரிய படம். தட்டை ஏந்தின ரெண்டு கை. கழுத்துக்கு மேல வெட்டியாச்சு. கையில கிடக்கிறது என்ர காப்பு.

விசர் தலைக்கேற, உள்ள போனனான். நல்ல வரிசை நிண்டது. என்னைக் கண்டவுடனே அவன் முப்பத்திரண்டு பல்லையும் காட்டி, சுடச்சுட ஒண்டைச் சுத்தி நீட்டினான். "உனக்கு இது சும்மா" எண்டான்.

பிரிச்சுப் பாத்தனான். மேல மாட்டிறைச்சிக் குழம்பு.

திருப்பி மேசையில வைச்சனான். வரிசையில நிண்டவைக்கும் கேக்கட்டும் எண்டு, எனக்குத் தெரிஞ்ச நோர்வேஜியனில ஒவ்வொரு சொல்லாச் சொன்னனான்: "சுவரில இருக்கிற அண்ணன் தம்பி சும்மா குடுத்துப் பேர் எடுத்தவை. நீ, நான் சும்மா குடுத்ததுக்கு என்ர வேலையைப் பறிச்சாய். இப்ப அதையே விக்கிறாய்."

அவன்ர காது சிவந்து போச்சு. நான் வெளிய வந்திட்டன்.