ஏணியின் அடியில் நின்றவன்

கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரிச் சந்துகளில் ஏணி சாத்துவது பெரிய தலைவலி. நாலடி உயரத்துக்கு ஓரடி என்று ஏணிக்காலைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பார்கள். இங்கே அதற்கு எங்கே இடம்? மாடி வீட்டுக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். நடுவில் சாக்கடை, அதன்மேல் ஆடுகிற ஸ்லாப், அதில் ஏறி ஸ்கூட்டரும் போகும். ஏணி கிட்டத்தட்ட செங்குத்தாகத்தான் நிற்கும். அதனால் மேலே ஒருவன் ஏறினால் கீழே ஒருவன் கட்டாயம் வேண்டும், முதல் படியில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

மேலே ஏறுகிறவன் என் தங்கை கணவன். கீழே நிற்பது நான். எட்டு வருஷம் நாங்கள் வீடுகளுக்கு வெளிப்பெயிண்ட் அடித்தது இப்படித்தான். வயதில் நான் மூத்தவன், உடம்பும் கனம். அவனோ ஒல்லி, ஆனால் கெட்டிக்காரன். ஏணிக்கு அடியில் சாக்கு விரிக்காமல் ஏறமாட்டான். ஜன்னல் கம்பி கிடைத்தால் ஏணியின் தலையைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவான். கட்ட வழியில்லாத சுவர் என்றால் என்னைத்தான் நம்புவான். அதற்கு ஒரு சட்டமும் போட்டிருந்தான். நான் கையை எடுப்பதற்கு முன்னால் "விடுறேன் மாப்ளே" என்று குரல் கொடுக்க வேண்டும். அவன் வேலையை நிறுத்தி ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விடுங்க மச்சான்" என்பான். அதற்குப் பிறகுதான் நான் நகரலாம்.

வைப்பின் தீவில் ஒரு வீட்டு வேலை. அவசரத்தில் ஈரத்தரையில் சாக்கு போடாமல் ஏணியைச் சாத்திவிட்டேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மச்சான், இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த மாதிரி வச்சிருக்கீங்க?" என்றான் அவன். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போவோம், வருவோம், ஒரு வார்த்தை கிடையாது. பின்னால் உட்கார்ந்து அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். ஒரு நாள், "மச்சான், தப்புதான், விட்டுடுங்க" என்றுகூடச் சொன்னான். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அதற்கப்புறம் அவனும் வாயை மூடிக்கொண்டான். தங்கைக்கு எதுவும் தெரியாது. அவள் முன்னால் இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டு எழுந்துவிடுவோம். இப்படி ஒன்பது நாள். நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு என்ன வீம்பு!

பத்தாம் நாள் எங்கள் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் வேலை. மழைக்காலம் முடிந்து சுவர் முழுக்கப் பாசி பிடித்திருந்தது. கட்டுவதற்கு ஜன்னல் இல்லாத பக்கம். மேலே அவன் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். கரகரவென்று ஒரே சத்தம்.

"சேட்டா, சாயா வச்சிட்டுண்டு" என்று சொல்லி, வீட்டுக்காரச் சேச்சி வாசற்படியில் இரண்டு கிளாஸ் டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் குரல் கொடுக்கவில்லை. முதலில் பேசுகிறவன் நானாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். விரலால் ஏணியை இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தச் சத்தத்தில் அது அவன் காதில் விழுந்திருக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். சொல்லியாகிவிட்டது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு நாலு எட்டு நடந்தேன். கிளாஸைக் கையில் எடுத்தேன்.

நான் கீழே இருக்கும்போது மட்டும்தான் அவன் ஏணியை விட்டு எட்டி வேலை செய்வான். மூலையில் இருந்த பாசிக்காக அன்றும் எட்டியிருக்கிறான்.

திரும்பிப் பார்த்தபோது அவன் ஸ்லாப்பில் மல்லாந்து கிடந்தான். ஏணி அவன் காலுக்குக் குறுக்கே கிடந்தது. ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்தேன். அவன் கண்கள் என்னை மேலும் கீழும் தேடின.

"உங்க மேல விழுந்துடுச்சா மச்சான்? அடி ஏதும் படலையே?"

ஏணி சரிந்தபோது நான் அதன் அடியில்தான் இருந்தேன் என்று நினைத்திருக்கிறான்.

"இல்ல மாப்ளே" என்றேன். எங்கள் மௌனம் முடிந்தது அப்படித்தான். அவன் அதற்குப் பிறகு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காலையில் போய்விட்டான்.

காரியம் முடிந்த அன்று தங்கை என்னிடம் கேட்டாள், "கடைசியா என்னண்ணே சொன்னாரு?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கேட்டதை அப்படியே சொன்னேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை. அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிறாள்: "விழுந்து கிடக்கிறப்பவும் அண்ணனுக்கு அடிபட்டுச்சான்னுதான் கேட்டாரு, கேட்டியா. அண்ணனும் கடைசிவரைக்கும் ஏணிய விடவேயில்ல." சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கு அந்தக் கையை வெட்டி எறிய வேண்டும் போல இருக்கிறது.

எத்தனையோ முறை சொல்லிவிட நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் முடியவில்லை.

சிறு வயதில் என்னைத் தென்காசியில் மாமா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். அவள் இங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். தமிழ் பேசுவாளே தவிர, ஓர் எழுத்து வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.