இசக்கியம்மாளுக்கு நாங்கள் வைத்த நிலுவை

போன செவ்வாய்க்கிழமை காலை, திருநெல்வேலி டவுணில் காய் வாங்கிக்கொண்டு நின்றபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “சார், நான் இசக்கியம்மா மவ பேசுதேன். விடியக்காலம் அம்மா போயிட்டாவ. மத்தியானம் எடுத்துருவோம்.” பையை வீட்டில் வைத்துவிட்டுக் களக்காட்டுப் பஸ்ஸில் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இசக்கியம்மாள் அம்மையார் களக்காட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். நான் அவருக்கு உறவும் இல்லை, நண்பனும் இல்லை. அவரை வேலையை விட்டு நீக்கிய அலுவலகத்தில் அவருடைய கோப்பைப் பார்த்த எழுத்தர்.

ஓர் ஐப்பசி மழையில் பள்ளியின் இருப்பறை ஒழுகி, இரண்டு மூட்டை அரிசி நனைந்து பூசணம் பிடித்தது. பிள்ளைகளுக்கு இதை ஆக்கிப்போட மாட்டேன் என்று அவர் ஒதுக்கிவைத்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. நாற்றம் தாங்காமல் வெளியே கொட்டினார். அடுத்த மாதம் ஆய்வுக்குப் போனவர்கள், இருப்பில் இரண்டு மூட்டை குறைகிறது என்று எழுதினார்கள். வேலை போயிற்று. அரிசியை எடுத்தவர் என்று ஊரில் பெயரும் ஆயிற்று.

கணவர் முன்பே இறந்திருந்தார். மகளை வைத்துக்கொண்டு பீடி சுற்றினார். மதுரையில் உயர்நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார். ஆறு வருடம் ஓடியது. தான் கொடுத்த கடிதத்தின் நகலில் அன்றைக்கே எங்கள் அலுவலக முத்திரை வாங்கி வைத்திருந்தார். அதுதான் அவரைக் காப்பாற்றியது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, திரும்ப வேலை கொடுங்கள், வேலையில்லாத காலத்துக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள் என்று தீர்ப்பாயிற்று.

வேலையைக் கொடுத்தோம். சம்பளத்தைக் கொடுக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிக் கொடுப்பேன். கோப்பை மேலிடத்துக்கு அனுப்பினோம், திரும்பி வந்தது. வேறொரு மேலிடத்துக்கு அனுப்பினோம், அதுவும் வந்தது. பிறகு மேல்முறையீடு செய்தோம். அதில், இடைப்பட்ட காலத்தில் அவர் பீடி சுற்றிச் சம்பாதித்திருப்பதால் சம்பளம் கோர முடியாது என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தவன் நான்.

நகல் கைக்குக் கிடைத்ததும் அம்மையார் வந்தார். கோபப்படவில்லை. அந்தப் பத்தியில் விரலை வைத்துக் கேட்டார். “பட்டினி கெடந்திருந்தா முழுசாக் குடுத்திருப்பியளா சார்?”

நான் மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினேன்.

மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. அப்போதும் நாங்கள் கொடுக்கவில்லை. அதன் பிறகுதான் நீதிமன்ற அவமதிப்பு மனு போட்டார். அதிகாரி நேரில் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த நாற்காலிக்கு வந்து எட்டே மாதம் ஆன சின்ன வயதுக்காரர் அவர். கோப்பை முழுதாகப் படித்ததுகூட இல்லை. மதுரைக்கு நானும் கூடப் போனேன். வராந்தாவில் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், பாதியை வாங்கிக்கொண்டு மனுவை வாபஸ் பெறும்படி அந்த அம்மாவிடம் பேசிப் பாருங்கள் என்றார்.

அம்மையார் மகளோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டாயிற்றா என்று முதலில் என்னைக் கேட்டார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

“அந்தத் தம்பி செயிலுக்குப் போணும்னு நான் கேக்கல சார். பாதிய வாங்கினா, பாதி அரிசியவாவது எடுத்திருப்பான்னுதான் ஊர்ல சொல்லுவாவ. எனக்கும் அலுத்துப்போச்சு. ஆனா முழுசாக் குடுக்கச் சொல்லுங்க.”

நீதிபதி நான்கு வாரம் கொடுத்தார். பிறகு இன்னும் இரண்டு வாரம். கடைசி வாய்தாவுக்கு முந்தின நாள், ஒரே பகலில் எல்லாக் கையெழுத்தும் விழுந்து உத்தரவு தயாரானது. அதற்குள் அவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. உத்தரவை வாங்க வந்தவரிடம், அந்தப் பீடிப் பத்தியை எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

“தெரியும் சார். நீங்க எழுதலைன்னா வேற ஒருத்தர் எழுதியிருப்பாவ,” என்றார். மன்னித்தாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை களக்காட்டுப் பஸ்ஸை விட்டிறங்கி, அவர் வீட்டு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னை வெளியூர் என்று கண்டு பேச்சுக் கொடுத்தார். அரிசிக் கேசு நடத்தி எப்படியோ துட்டை வாங்கிவிட்டாள் என்றார்.

“அவிய எடுக்கல அண்ணாச்சி. அந்த ஆபீஸ்லதான் நான் வேலை பார்த்தேன். தப்பு எங்க பேர்ல.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “அப்படியா,” என்று துண்டை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

பாடை பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சமையல்காரப் பெண்கள் இருவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தம் கேட்டு இரண்டொரு தலை நிமிர்ந்தது. மறுபடி தட்டுக்குக் குனிந்துகொண்டது.

அம்மா, இனி உங்களுக்கு வாய்தா இல்லை. மதுரை பஸ்ஸைப் பிடிக்க வெள்ளன எழுந்திருக்கவும் வேண்டாம். உறங்குங்கள்.